கோனனுக்கு எத்தனை வயசு?

“ஏஞ்சாமி, காலேஜுக்குப் போற பையன் இன்னும் பொம்மப் படமா பாத்துட்டு உக்காந்திருக்கற?”

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து வீடுகளில் அம்மிச்சிகள் கேட்கிற கேள்வி இது. அம்மிச்சி கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். படம் வரைந்து அசைய விட்டால் அவருக்கு அது பொம்மைப் படம், அவ்வளவுதான். ஆனால் இதே கேள்வியை பி.காம் மூன்றாம் வருடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரனும் கேட்கிறான் பாருங்கள், அங்கேதான் வயிற்றெரிச்சல் ஆரம்பிக்கிறது. கேட்டுவிட்டுத் தன் செல்போனுக்குத் திரும்புகிறான். அதில் ஒரு ஹீரோ ஒரே சண்டையில் முப்பது பேரை வெட்டிச் சாய்த்துவிட்டு, கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வருகிறார். அது பெரியவர்கள் படமாம்!

இதற்கு நேர் எதிரே இன்னொரு கோஷ்டி இருக்கிறது. “கார்ட்டூன்னு நெனச்சு பையனுக்குப் போட்டு உட்டனுங்க. மொத எபிசோடுலயே தல தனியாப் போகுது. இதையெல்லாம் கொழந்தைங்க பாக்கலாமுங்களா?” என்று கேட்கிற அப்பா அம்மாக்கள்.

இரண்டு கோஷ்டியும் திட்டுவது ஒரே தொடரை. டிடெக்டிவ் கோனன். ஒருவருக்கு அது குழந்தைத்தனம், இன்னொருவருக்குக் குழந்தைகளுக்கே ஆகாதது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கும்? சரியாக இல்லை. ஒருவர் படம் வரைந்திருப்பதை மட்டும் பார்க்கிறார், மற்றவர் பிணத்தை மட்டும் பார்க்கிறார். கதையை இருவருமே பார்க்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. குடோ ஷினிச்சி என்கிற பதினேழு வயதுப் பையன், பள்ளியில் படித்துக்கொண்டே போலீசுக்குத் துப்பறிந்து கொடுக்கிறவன். ஒரு கறுப்புச் சட்டைக் கும்பல் அவன் வாயில் விஷ மாத்திரையைப் போடுகிறது. அவன் சாகவில்லை, உடம்பு மட்டும் ஏழு வயதுப் பையனாகச் சுருங்கிவிடுகிறது. எடோகாவா கோனன் என்று பெயரை மாற்றிக்கொண்டு, தான் விரும்புகிற பெண்ணின் வீட்டிலேயே தங்கி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். அந்தப் பெண்ணின் அப்பா ஒரு மொக்கை டிடெக்டிவ். அவரை வாட்சிலிருந்து ஒரு மயக்க ஊசி அடித்துத் தூங்கவைத்து, குரல் மாற்றும் கழுத்துப் பட்டையை வைத்து அவர் குரலிலேயே வழக்கை முடிக்கிறான். கோஷோ அவோயாமா வரைந்து 1994இல் பத்திரிகைத் தொடராக ஆரம்பித்தது. 1996 ஜனவரி 8ஆம் தேதி டிவிக்கு வந்தது. 2021இல் ஆயிரம் எபிசோடைத் தாண்டியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. (இத்தனை வருடத்தில் கோனன் இன்னும் ஒன்றாம் வகுப்பே தாண்டவில்லை. நாமக்கல்லில் சேர்த்திருந்தால் இந்நேரம் நீட் கோச்சிங் முடித்திருப்பான்.)

இந்தக் கதையின் அடிப்படையே வயதுதான். ஒரு ஏழு வயதுப் பையன் கொலை நடந்த அறையில் நின்று “மாமா, இந்தக் கப் ஏன் இடது கைப் பக்கம் இருக்கு?” என்று கேட்டால், தலையில் ஒரு குட்டு வைத்து வெளியே துரத்துகிறார்கள். அதே வார்த்தை நாற்பது வயதுக் குரலில் வந்தால் இன்ஸ்பெக்டரே தலையாட்டுகிறார். சொன்னது என்ன என்று பார்க்காமல் யார் சொன்னது, எத்தனை வயசு என்று பார்க்கிற புத்தியை ஆயிரம் எபிசோடாகக் கிண்டல் செய்கிற ஒரு தொடர் இது. அதையே “எந்த வயசுக்காரன் பாக்கறது இது” என்று கேட்டு ஒதுக்குகிறார்கள். என்னத்தைச் சொல்ல!

சரி, உண்மையில் யாருக்காகத்தான் எடுத்தார்கள்? ஒரு பொருள் யாருக்கு என்று தெரிய வேண்டுமானால் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கிற படத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. எங்கே, எப்போது விற்கிறார்கள், யார் காசு கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். காமர்ஸ் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கதை வந்த பத்திரிகை வீக்லி ஷோனென் சண்டே. ‘ஷோனென்’ என்றால் பையன்கள் என்று பொருள். ஆக, கடையில் பையன்களுக்கான பத்திரிகை. ஆனால் டிவியில் அதைப் போட்ட நேரம் திங்கட்கிழமை இரவு ஏழிலிருந்து எட்டுக்குள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் பிள்ளைகளுக்குப் போடுகிற நேரம் அது கிடையாது. ஆபீஸ் போனவர்கள் திரும்பி வந்து, சோறு தட்டில் விழுகிற நேரம். 2009இல் சனிக்கிழமை மாலைக்கு மாற்றினார்கள், அதுவும் வீட்டில் எல்லோரும் இருக்கிற நேரம்தான். அப்புறம் சினிமா. 1997இலிருந்து வருடத்துக்கு ஒரு கோனன் படம் ஏப்ரலில் வருகிறது, கொரோனா வந்த 2020 தவிர. 2023இல் வந்த படம் அந்த வரிசையிலேயே முதல் முறையாக 1,000 கோடி யென் வசூலைத் தாண்டியது. அடுத்த வருடப் படம் 1,500 கோடி யென்னையும் தாண்டியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பாக்கெட் மணியிலா இது வரும்? 1996இல் பத்து வயதில் பார்க்க ஆரம்பித்த பையன் இன்று நாற்பதை ஒட்டிய ஆள். அவன் தன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு டிக்கெட் வாங்குகிறான். அந்தத் தொழிலின் கணக்குப் புத்தகத்தில் ‘குழந்தைகள்’ என்றும் ‘பெரியவர்கள்’ என்றும் இரண்டு லெட்ஜர் இல்லை.

இரண்டு லெட்ஜர் போட்டே தீருவேன் என்று அடம்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். அங்கே 2004 மே மாதம் ‘கேஸ் க்ளோஸ்ட்’ என்று பெயர் மாற்றி, ஷினிச்சியை ஜிம்மி ஆக்கி, ரானை ரேச்சல் ஆக்கி, கார்ட்டூன் நெட்வொர்க்கின் பின்னிரவுப் பகுதியான அடல்ட் ஸ்விம்மில் போட்டார்கள். கொலை இருக்கிறது, அதனால் பெரியவர்களுக்கு, அதனால் ராத்திரிக்கு! அந்த நேரத்தில் முழித்திருந்த பெரியவர்கள் எதிர்பார்த்தது வேறு சரக்கு. ஒன்றாம் வகுப்புப் பையன் கண்ணாடி போட்டுக்கொண்டு துப்பறிவது அவர்களுக்குச் சின்னப் பிள்ளைத்தனமாகப் பட்டது. உண்மையில் இதை ரசித்திருக்கக்கூடிய பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ரேட்டிங் வரவில்லை என்று 2005 ஆரம்பத்திலேயே கடையைக் கட்டிவிட்டார்கள். ஜப்பானில் வீடே கூடி உட்கார்ந்து பார்த்த ஒன்றை, வீட்டில் யாருமே பார்க்க முடியாத நேரத்தில் வைத்தால் வேறு என்ன நடக்கும்?

இந்தியாவில் இதே தப்பு தலைகீழாக நடந்தது, ஷின்சானில். அந்தக் கதை 1990இல் ஜப்பானில் பெரிய ஆண்கள் வாசிக்கிற ஒரு வாரப் பத்திரிகையில் ஆரம்பித்தது. அது இங்கே 2006இல் ஹங்காமா டிவிக்கு வந்தபோது, தலை பெருத்த சின்னப் பையன் படம் என்பதால் நேராகக் குழந்தைகள் கணக்கில் போய் விழுந்தது. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பெற்றோர்கள் கூச்சல் போட, 2008இல் மத்திய அரசு தடை போட்டது. பிறகு வெட்டி ஒட்டித் திரும்பக் கொண்டுவந்தார்கள். படத்தில் இருக்கிறவன் வயதும் பார்க்கிறவன் வயதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் இதற்கெல்லாம் காரணம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் முதல் மரியாதையை சிவாஜி வயதுக்காரர்கள் மட்டும்தான் பார்த்திருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், தமிழில் இந்தக் குழப்பமே ஒரு காலத்தில் கிடையாது. அம்புலிமாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1947இல் ஆரம்பித்த குழந்தைகள் பத்திரிகை. அதில் மாதாமாதம் என்ன படம்? நடுராத்திரி, சுடுகாடு, கையில் கத்தியோடு ராஜா விக்கிரமாதித்தன், அவன் தோளில் தொங்குகிற பிணம்! அந்தப் பிணத்துக்குள் வேதாளம். அந்தப் படங்களைப் பல பத்தாண்டுகள் வரைந்த சங்கர் கொங்கு நாட்டில் பிறந்தவர், 2020இல் காலமானார். வேதாளம் சொல்கிற கதையின் கடைசியில் ஒரு புதிர். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும். பிணம் இருக்கிறது, புதிர் இருக்கிறது, வருடக்கணக்கில் முடியாத தொடர், விடை சொன்ன அடுத்த நிமிஷம் வேதாளம் மறுபடி முருங்கை மரம். கோனனின் ஃபார்முலா அப்படியே இருக்கிறதா இல்லையா? அதை மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்தது. அப்பா ஈசிச்சேரில் சாய்ந்து படித்தார். பாட்டிக்கு வாசித்துக் காட்டினார்கள். தோளில் பிணம் தொங்குகிறதே, இதைப் பிள்ளை கையில் கொடுக்கலாமா என்று யாரும் மனு எழுதவில்லை. பெரியவர் படித்தால் கேலியும் இல்லை.

1972இல் இரும்புக்கை மாயாவியோடு வந்த முத்து காமிக்ஸும் அப்படித்தான். அதில் துப்பறிந்த ரிப் கெர்பி, வெளிநாட்டில் பெரியவர்கள் வாசிக்கிற தினசரிப் பேப்பரில் வந்த ஆள். ராணி காமிக்ஸில் வந்த ஜேம்ஸ் பாண்டும் இங்கிலாந்துப் பேப்பரில் பெரியவர்களுக்கு வந்ததே. இங்கே அரை டிராயர் பசங்கள் அதைப் பெட்டிக்கடையில் வாங்கி, கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்தார்கள். தமிழ்வாணனின் சங்கர்லாலை கல்கண்டில் படித்தவர்களிலும் பள்ளிக்கூடப் பையன்கள் உண்டு, ரயிலில் போகிற குமாஸ்தாக்களும் உண்டு. மாயாவி ரசிகர்கள் இன்று தாத்தாக்கள். சிவகாசியிலிருந்து இன்னும் வருகிற லயன், முத்து புத்தகங்களைச் சந்தா கட்டி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அதைவிடப் பழைய சமாச்சாரம் கோனன் பெயரிலேயே இருக்கிறது. கோனன் என்பது ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலிடமிருந்து. எடோகாவா என்பது எடோகாவா ராம்போவிடமிருந்து. இந்த ராம்போ பெரியவர்களுக்காகத் தூக்கத்தைக் கெடுக்கிற விகாரமான கதைகளை எழுதியவர். அதே ஆள் 1936இல் ஒரு சிறுவர் பத்திரிகையில், இருபது முகம் கொண்ட திருடனையும் அவனைத் துரத்துகிற பையன்களையும் வைத்து ஒரு தொடரை ஆரம்பித்து, அதையும் வருடக்கணக்கில் நடத்தினார். பையனுக்கு எழுதுகிற கை வேறு, பெரியவனுக்கு எழுதுகிற கை வேறு என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

“அதெல்லாம் சரி, ஆனா கொலைய சொல்லிக் குடுக்குதே?” என்பவர்களுக்கு, பதினொன்றாவது எபிசோட். 1996 ஏப்ரலில் ஒரு மணி நேர ஸ்பெஷலாக வந்தது. (ஸ்பாய்லர் இருக்கிறது. முப்பது வருடமாகப் பார்க்காதவர்கள் இனிமேல் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

ஒரு சின்னத் தீவு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு அங்கே ஒரு பியானோ கலைஞர் குடும்பத்தோடு தீயில் செத்துப்போயிருக்கிறார். அவர் பெயரில் இப்போது ஒரு கடிதம் வந்து டிடெக்டிவைத் தீவுக்குக் கூப்பிடுகிறது. போன இடத்தில் வரிசையாகக் கொலை. ஒவ்வொரு பிணத்தின் பக்கத்திலும் பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா ஒலிக்கிறது. பியானோ கட்டைகளை எழுத்துகளாக வைத்து ஒரு சங்கேதம். கடைசியில் பார்த்தால், பிணங்களைப் பரிசோதித்த ஊர் டாக்டரம்மாதான் கொலையாளி. அம்மாகூட இல்லை, செத்துப்போன கலைஞரின் மகன் பெண் வேடத்தில். போதை மருந்து கடத்தலுக்கு இனி உதவ மாட்டேன் என்று சொன்ன அப்பாவைக் குடும்பத்தோடு கொளுத்தியவர்களை அவன் பழிவாங்கியிருக்கிறான். ஆனால் அப்பா தன் மகனுக்காக ஒரு இசைக்குறிப்பை அதே சங்கேதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நீயாவது நேரான வழியில் வாழு என்பது அதன் சாரம். மகனுக்கு அது தெரிய வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. எரிகிற கட்டிடத்துக்குள் அவன் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறான். காப்பாற்றப் போன கோனனை ஜன்னல் வழியாக வெளியே தூக்கி எறிந்துவிட்டு வாசிக்கிறான். தீக்குள்ளிருந்து அந்தச் சங்கேதத்திலேயே கோனனுக்கு ஒரு நன்றி வருகிறது.

இதில் ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பிடிப்பது அந்தச் சங்கேதம். மறுநாள் நோட்டில் ஸரிகமவை வைத்துத் தானே ஒன்று கண்டுபிடிப்பான். இருபது வயதில் பார்க்கிறவருக்குத் தெரிவது துப்பறிந்து ஜெயித்தும் ஒரு உயிரைக் காப்பாற்ற முடியாமல் நிற்கிற கோனன். பிள்ளை பெற்றவருக்கு அந்த அப்பா எழுதி வைத்த இசைக்குறிப்பு நெஞ்சில் நிற்கும். மூன்று பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்கலாம். கொலை செய்வது எப்படி என்று இதில் யாராவது கற்றுக்கொள்வார்கள் என்றால், வேதாளம் கதை படித்த தலைமுறை முழுக்க சுடுகாட்டில்தான் குடியிருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. பிள்ளைகள் வன்முறை பார்க்கக் கூடாது என்று கோனனை அணைக்கிற வீட்டிலேயே ராத்திரி ஒன்பது மணிக்கு சீரியல் ஓடும். 2003லிருந்து 2009 வரை கோலங்கள் ஓடியபோது, ஆதி அடுத்து யாருக்கு என்ன சதி வைத்திருக்கிறான் என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். சட்டம் ஒன்றும் சும்மா இல்லை. குழந்தைகளுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளை, பெரும்பாலான குழந்தைகள் பார்க்கிற நேரத்தில் போடக் கூடாது என்று கேபிள் டிவி விதிகள் 1994லிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் சோற்றில் விஷம் வைப்பது, கர்ப்பிணியை மாடிப்படியில் தள்ளிவிடுவது எல்லாம் மனுஷங்க நடித்தால் குடும்பச் சித்திரம். வரைந்தால்தான் ஆபத்து! கோனனில் ஒருவன் கொலை செய்தால் ஏன் செய்தான், எப்படித் தெரிந்தது, சாட்சி எங்கே என்று அரைமணி நேரம் கேள்வி கேட்கிறார்கள். சீரியலில் எழுநூறு எபிசோட் கழித்துத்தான் யாருக்காவது சந்தேகமே வருகிறது.

இனி அந்தப் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் வருவோம். நாமக்கல் விஷயத்தில் அவன் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

இந்த மாவட்டத்துக்கு முட்டை, லாரி, போர்வெல் வண்டி தவிர இன்னொரு பெயரும் உண்டு. ஹாஸ்டல் பள்ளிகள். எங்கெங்கோ இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போவார்கள். கோழிக்குப் பேர்போன ஊர் என்பதால் பிராய்லர் பள்ளி என்று பட்டப்பெயரே வந்தது. விடிவதற்கு முன்னால் எழுப்பி ராத்திரி வரை படிப்பு, டிவி கிடையாது, கதைப் புத்தகம் கிடையாது. 2017இல் அரசு மாநில ரேங்க் பட்டியலை நிறுத்தியது. ஆனால் டெஸ்டுக்கு மேல் டெஸ்ட் நின்றபாடில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் பெரிய விலக்கு இல்லை. ஆறாம் வகுப்பு வந்தால் வீட்டிலேயே கேபிளைப் பிடுங்கிவிடுவார்கள்.

விளைவு என்ன? பத்து வயது வரை சுட்டி டிவியில் டோராவும் ஜாக்கி சானும் பார்த்த பையன், அடுத்து தனக்குப் பிடித்ததைப் பார்க்கிற சுதந்திரத்தோடு திரையைத் தொடுவது பதினெட்டு வயதில், கல்லூரியில். நடுவில் எட்டு வருடம் காலி. கோனன் மாதிரித் தொடர்கள் கச்சிதமாகப் பிடிக்கிற வயது அந்த எட்டு வருடம்தான். புதிர் மேல் வெறி இருக்கும், நியாயம் அநியாயம் பற்றிப் புதிதாகக் கோபம் வரும், தன் பேச்சைப் பெரியவர்கள் கேட்பதில்லை என்று உள்ளுக்குள் புழுங்குகிற வயது. அதை ஃபார்முலா மனப்பாடம் செய்வதற்குக் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு, கார்ட்டூன் என்றால் பத்து வயதில் கடைசியாகப் பார்த்ததுதான் ஞாபகம் இருக்கும். அதனால்தான் “சின்னப் பசங்க பாக்கறது” என்கிறான். தான் வளர்ந்து அதைத் தாண்டிவிட்டதாக நினைக்கிறான். தாண்டவில்லை, அவனை அந்தப் பக்கம் போகவே விடவில்லை.

அப்போ வயசே பார்க்க வேண்டாமா என்றால், அதுவும் இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு கோனன் வேண்டாம். முதல் எபிசோடில் ரோலர் கோஸ்டரில் தலை போகிற காட்சி பத்து வயதுக்குக்கூட ஜாஸ்திதான். அந்தப் பெற்றோர்கள் பயந்ததில் அந்த அளவு நியாயம் உண்டு. சினிமா தணிக்கையில் 2024 விதிகளின்படி யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனுக்கு 2021லிருந்தே அதுபோன்ற பிரிவு உண்டு. நல்ல ஏற்பாடு. யு/ஏ என்றாலே பெற்றோர் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றுதான் பொருள், ரிமோட்டை ஒளித்து வையுங்கள் என்று பொருள் கிடையாது. அந்த எண்களை கீழ்ப்பக்கக் கோடாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். மேல்பக்கம் கோடு போட எந்தச் சட்டத்திலும் இடமில்லை, பக்கத்து பெஞ்சுக்காரன் மட்டும்தான் போடுகிறான்.

ஆயிரத்துச் சொச்சம் எபிசோடும் வைரம் என்றும் யாரும் சொல்லவில்லை. பாதிக்கு மேல் சுமார். கறுப்புச் சட்டைக் கும்பல் எட்டிப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் காணாமல் போகும். கோனன் லீவுக்குப் போகிற ஊரிலெல்லாம் ஏன் ஒரு பிணம் விழுகிறது என்று அந்த ஊர் போலீசுக்குச் சந்தேகமே வராது. வீட்டில் புதிதாகப் பார்க்கிற பிள்ளைகள் இருந்தால் முதல் எபிசோடைத் தாண்டிவிட்டு, மாத்திரைக் கதையை வாயால் சொல்லிவிடுங்கள். ஒன்றாம் வகுப்பு நண்பர்கள் கூட்டமாகப் போய் புதையல், பழைய வீடு, திருடன் என்று துப்பறிகிற எபிசோடுகள் ஏராளம், அவற்றில் பலவற்றில் சாவே கிடையாது. அங்கிருந்து ஆரம்பிக்கலாம். பதினொன்றாவதை காலாண்டு லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஆகும், கூட உட்காருங்கள், நடுவில் எழுந்து போய் வாட்ஸப் பார்க்காதீர்கள். டாக்டர்தான் என்று பிள்ளை உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்.